திரையில் சரியாக இருந்த பல்

என் வீட்டுக்காரர் பல் செய்கிறவர். பல் மருத்துவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பேச்சை நிறுத்திவிட்டு வாயைத் திறந்து காட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அச்சை அனுப்புவார்கள். இவர் அதற்குப் பொருந்துகிற பல்லைப் பீங்கானில் செய்து திருப்பி அனுப்புவார். இருபத்தெட்டு வருஷமாக இதே வேலை. ஊரில் பாதிப் பேர் இவர் செய்த பல்லால்தான் மென்று தின்கிறார்கள், ஒருவருக்கும் இவர் முகம் தெரியாது. எங்கள் தெருவில் மட்டும் ‘பல்செட்டு’ என்று பெயர். நான் ‘பல்செட்டு வீட்டம்மா’. நானும் பதினெட்டு வருஷமாகத் தபால் நிலையத்தில் உட்கார்ந்து முத்திரை குத்துகிறேன், அதை ஒருவரும் சொல்வதில்லை.

பல் வெள்ளை என்று நீங்களும் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இவர் முன்னால் சொல்லிவிடக் கூடாது. பதினாறு மாதிரிப் பற்களை வரிசையாகச் செருகிய ஒரு பட்டி வைத்திருக்கிறார். ஏ-ஒண்ணு என்றால் பால் வெள்ளை, ஏ-நாலு என்றால் நன்றாகப் பழுத்தது, நடுவில் ஏ, பி, சி, டி என்று மற்றவை. மருத்துவர் சீட்டில் நம்பரை எழுதி அனுப்புவார், அதன்படி இவர் செய்வார். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பட்டி இருக்கும். என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் இருந்ததாம். நான் சிரித்ததும் மனசுக்குள் ‘ஏ-ரெண்டு’ என்று சொல்லிக்கொண்டாராம். அதைக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம் பெருமையாக என்னிடம் சொன்னார்.

இதெல்லாம் தொழில் பக்தி என்று விட்டுவிடலாம். பத்து வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் வினை வந்தது.

வீடியோ ஓடும்போது படத்தைச் சரிசெய்ய ஒரு சின்ன ஜன்னல் உண்டு என்பதை எங்கேயோ கேட்டுவிட்டு வந்தார். அதில் வெளிச்சத்தையும் நிறச்சாயலையும் மாற்ற பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், ஹியூ, சாச்சுரேஷன் என்று நான்கு கோடுகள், ஒவ்வொன்றிலும் நகர்த்த ஒரு குமிழ். முதல் வாரம் முழுக்க அந்தக் குமிழ்களை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, “இப்பப் பாரு, எவ்வளவு தெளிவு” என்றார். நானும் பார்த்தேன். ஆமாம், தெளிவாகத்தான் இருக்கிறது என்றேன். சத்தியமாக எனக்கு வித்தியாசம் தெரிந்தது. அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள், பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“அப்பா, மேல ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதுல டிக் போட்டாத்தான் இந்தக் குமிழெல்லாம் வேலை செய்யும். நீங்க போடவே இல்ல.”

ஒரு வாரம் இரண்டு பேரும் மாறாத படத்தைப் பார்த்து மெய்மறந்திருக்கிறோம். எனக்கு அவமானமாக இருந்தது. அவருக்கு அதெல்லாம் கிடையாது, உடனே டிக்கைப் போட்டார். அன்றைக்குப் போட்டவர் அப்புறம் எடுக்கவே இல்லை.

அவர் முறை இது. யாராவது சிரிக்கும் இடத்தில் வீடியோவை நிறுத்துவார். பையிலிருந்து பட்டியை எடுத்துத் திரையில் பல்லுக்குப் பக்கத்தில் பிடிப்பார். “இந்த ஆளு டீ குடிக்கிறவர், ஏ-மூணாத்தான் இருக்கணும், இங்க ஏ-ரெண்டாத் தெரியுது, படம் தப்பு” என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, அந்தப் பல் ஏ-மூணாகும்வரை நான்கு குமிழ்களையும் இழுப்பார். பல் சரியாகிவிட்டால் படம் சரியாகிவிட்டது என்று அர்த்தம். அதற்குள் வானம் பச்சையாகியிருக்கும். புல் நீலமாகியிருக்கும். செய்தி வாசிக்கிற அம்மா கல்லீரல் நோயாளி மாதிரி தெரிவார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் ஒருபடி மேலே போய்க் கூடத்தை இடித்துக் கட்டவே ஆரம்பித்துவிடுவார்.

ஒரு நாள் ஆற்றங்கரை மிருகங்களைப் பற்றிய வீடியோ. முதலை வாயைப் பிளந்துகொண்டு வெயில் காய்கிறது. இவர் நிறுத்தினார்.

“முதலைக்கு என்ன நம்பர்ங்க?” என்று கேட்டேன், கிண்டலாகத்தான்.

“பி-மூணு” என்றார், யோசிக்காமல். “ஆனா கடவாய்ப் பல்லு கொஞ்சம் சந்தேகம்.”

எங்கள் கல்யாண வீடியோவும் தப்பவில்லை. என் பல்லை ஏ-ரெண்டுக்குக் கொண்டுவந்ததில் என் அப்பா முகம் மை கொட்டியதுபோல ஆகிவிட்டது. மகள் அதைப் பார்த்துவிட்டு, தாத்தாவுக்கு அன்றைக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பல்லைக் கடித்தால் அதையும் பார்ப்பாரோ என்று பயம் வேறு.

இப்போது என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஆறு மணி நேர பஸ் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. தனி ஆள், ஆனால் அறுநூறு பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைப்பவர். தம்பி இன்னும் அந்த அறுநூறில் ஒருவர்தான். போன் வந்தால் எழுந்து நின்றுகொண்டு பேசுவார்.

அண்ணிக்கு வீடியோ காலில் பேசப் பிடிக்காது. அதில் எதிராளியும் பேசலாம் என்பதுதான் காரணம். அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும், சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி ஒரு வீடியோவாகப் பதிந்து அனுப்பிவிடுவார். குறுக்கே யாரும் பேச முடியாது. இவர் அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, வழக்கப்படி சரிசெய்துவிட்டு, நின்றுகொண்டே பார்ப்பார். கடைசியாக நேரில் போய் நாலு வருஷம் ஆகிறது. போக வேண்டும், போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். வாரா வாரம்தான் திரையில் பார்க்கிறோமே என்ற தைரியம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த வீடியோவில் முதல் அரை நிமிடம் கூரை விசிறி மட்டும் ஓடியது. அப்புறம் அண்ணி முகம். முன்பல் ஒன்று பாதி இல்லை. சாக்பீஸ் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரித்தாராம். முப்பத்துநாலு வருஷமாக எந்தப் பாக்கெட்டையும் பல்லால் பிரிக்காதே என்று பிள்ளைகளைத் திட்டியவர்.

“தம்பி, டாக்டர் மிச்சத்தையும் ராவிட்டாரு. அளவெடுத்து உனக்குத்தான் அனுப்பச் சொல்லியிருக்கேன். அடுத்த வெள்ளிக்கிழமை நான் ரிட்டையர் ஆகுறேன், பிரிவு உபசார விழா. மேடையில பேசணும்” என்றார். இதில் ஒவ்வொரு ‘ச’வுக்கும் ஒரு விசில் வந்தது. தற்காலிகமாக மாட்டிய மூடி மூன்று தடவை விழுந்துவிட்டதாம், மூன்றாம் தடவை தண்ணீர் டம்ளருக்குள். “நான் பேசுறப்போ முதல் வரிசைப் பசங்க உதட்டைக் கடிக்கிறாங்க. எனக்குத் தெரியுது. இந்த முப்பத்துநாலு வருஷத்துல என் முன்னாடி ஒருத்தன் சிரிச்சதில்ல. கடைசி நாள் அறுநூறு பேரும் சிரிச்சா, நான் இத்தனை நாள் செஞ்ச வேலையெல்லாம் ஒண்ணுமில்லைன்னு ஆயிடும்.”

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இங்கே சொல் எல்லாம் இருந்தது, விசிலோடு இருந்தது. பிரிவுரையில் விசில் வரும் சொற்களை எல்லாம் அடித்துவிட்டு வேறு சொல் தேடிக்கொண்டிருப்பதாகவும், இரண்டு பக்கம் இப்போது எட்டு வரியாகிவிட்டதாகவும் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் கடைசியில் குரல் கொஞ்சம் இறங்கி, “பல்லு பாத்தா வெச்ச பல்லுன்னு தெரியக் கூடாதுடா” என்று அவர் சொன்னபோது சிரிப்பு போய்விட்டது. எனக்கும் அவருக்கும் ஆயிரம் இருக்கும். ஆனால் அந்த மனுஷி யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இரண்டு நாளில் அச்சு வந்தது. கூடவே மருத்துவரின் சீட்டு. நிறம்: ஏ-நாலு.

இவர் சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார். “டாக்டருக்குக் கண்ணுல ஏதோ கோளாறு. அக்கா பல்லு ஏ-நாலா? எங்க குடும்பத்துலயே எங்கக்கா பல்லுதான் ஏ-ஒண்ணு.”

“டாக்டர் நேர்ல பாத்துட்டுத்தானே எழுதியிருப்பாரு?”

“நானும்தான் பாக்குறேன், வாரா வாரம்.”

ஞாயிற்றுக்கிழமை வீடியோவைப் போட்டுக் காட்டினார். பட்டியை எடுத்துத் திரையில் பிடித்தார். அச்சு அசலாக ஏ-ஒண்ணு. ஏன் இருக்காது? ஏ-ஒண்ணு ஆகும்வரை குமிழை இழுத்தவரே அவர்தானே. இதை நான் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். எனக்கு அன்றைக்கு இது தோன்றவில்லை என்பதுதான் உண்மை. பத்து வருஷம் பச்சை வானத்தையே பார்த்தால் அதுதான் வானம் என்று ஆகிவிடும்.

மூன்று நாள் ராப்பகலாக உழைத்து ஒரு பல் செய்தார். முத்து. நானே என் கையால் பொதிந்து, முத்திரை குத்தி, விரைவுத் தபாலில் அனுப்பினேன். திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தது. மருத்துவர் லேசாக ஒட்டி மாட்டிக் காட்டினார். செவ்வாய்க்கிழமை, ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல், அண்ணியிடமிருந்து வீடியோ வந்தது.

“டேய் தம்பி.” விசில் இல்லை. கோபம் இருந்தது. “என்னடா பல்லு இது? வாயில டியூப் லைட்டு மாட்டின மாதிரி இருக்கு. காலையில பிரேயர்ல நின்னா, பசங்க என் கண்ணைப் பாக்கல, வாயைத்தான் பாக்குறாங்க. அந்த ஓட்டைப் பல்லே தேவலை. வெள்ளிக்கிழமை நான் வாயை மூடிக்கிட்டு உக்காந்துடறேன். அவ்ளோதான்.”

இவர் நின்றுகொண்டே அதை மூன்று தடவை பார்த்தார். பட்டியைப் பிடித்தார். பழைய பல்லும் ஏ-ஒண்ணு, புதுப் பல்லும் ஏ-ஒண்ணு. திரையில் இரண்டும் ஒரே வெள்ளை.

“சரியாத்தானே இருக்கு” என்றார். “அக்காவுக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சு.”

“அப்படியே அவங்ககிட்ட சொல்லுங்களேன்.”

சொன்னார். போனில், எழுந்து நின்றுகொண்டு. அக்கா, என் கம்ப்யூட்டரில் பார்த்தால் ரொம்ப நன்றாக இருக்கிறது, ஹியூ கொஞ்சம் மாற்றினால் உங்களுக்கும் அப்படியே தெரியும் என்றார். அந்தப் பக்கக் குரல் எனக்கே கேட்டது.

“என் வாய்க்கு ஹியூ கிடையாதுடா.”

இவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. அறுநூறில் ஒருவர் முதல் தடவையாக எதிர்த்துப் பேசினார். “தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதுக்கா.”

“மாட்டுக்கும் எல்லாப் பல்லும் ஒரே நிறமாத்தான்டா இருக்கும்” என்று சொல்லிவிட்டு அண்ணி போனை வைத்துவிட்டார்.

இவர் மறுபடி திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு, எல்லாருக்கும் கண் போய்விட்டது என்று முணுமுணுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பத்து வருஷத்து எரிச்சல் மொத்தமும் கைக்கு வந்தது. மௌஸை அவர் கையிலிருந்து பிடுங்கி, அந்தச் சின்ன ஜன்னலைத் திறந்து, மேலே இருந்த கட்டத்தில் டிக்கை எடுத்துவிட்டேன்.

“இப்பப் பாருங்க.”

பார்த்தார். நானும் பார்த்தேன்.

பற்கள் ஏ-நாலு. நடுவில் ஒன்று மட்டும் பளீரென்று எரிந்தது. அண்ணி சொன்ன டியூப் லைட்டு கொஞ்சமும் மிகையில்லை. ஆனால் இவர் பல்லைப் பார்க்கவில்லை. தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணியின் தலைமுடி முழுக்க நரைத்துச் சாம்பலாகியிருந்தது. கான்ட்ராஸ்ட் குமிழ் அதையும் வாரா வாரம் கறுப்பாக்கிக்கொண்டிருந்திருக்கிறது. கண்ணுக்குக் கீழே பை கட்டியிருந்தது. கழுத்துத் தோல் தொய்ந்திருந்தது. எங்களுக்குப் பின்னால் தெருவில் யாராவது இப்படி நடந்து வந்திருந்தால், வழிவிட்டு ஒதுங்கியிருப்போம், அப்படி ஒரு வயதான அம்மா.

“எப்ப இப்படி ஆனாங்க?” என்றார்.

“நாலு வருஷமா ஆயிட்டுத்தான் இருக்காங்க” என்றேன். ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு அரை நிமிடம்கூட நிற்கவில்லை. இந்த வாயை நான் கொஞ்சம் மூடிக்கொண்டிருந்திருக்கலாம். டிக்கைத் திரும்பப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். பாசக் கண்ணுக்கு எல்லாம் ஏ-ஒண்ணு போலிருக்கிறது.

அவர் எழுந்து பட்டறைக்குப் போனார். பட்டறை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு சின்னச் சூளை. போகும்போது கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு போனார். புதன்கிழமை முழுக்க உள்ளேயே இருந்தார். நான் வேலைக்குப் போய்விட்டு வந்து, தட்டில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனபோது பார்த்தேன். அண்ணியின் வீடியோவை வாய் திறந்திருக்கும் இடத்தில் நிறுத்தி வைத்திருந்தார். எந்தக் குமிழையும் தொடவில்லை. மயிரிழைத் தூரிகையால், அதே அச்சில் புதிதாகச் செய்த இன்னொரு பல்லின் ஈறோரம் ஒரு பழுப்பைத் தடவினார். பக்கத்துப் பல்லில் இருக்கும் டீக்கறை அளவுக்கு இதிலும் டீக்கறை வைத்தார். நடுவில் ஒரு மெல்லிய விரிசல் கோடு. இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ பேருக்கு இளமையைச் செய்து கொடுத்தவர், அன்றைக்கு உட்கார்ந்து சொந்த அக்காவுக்கு முதுமையைச் செய்துகொண்டிருந்தார். அடிக்கடி மூக்கைத் துடைத்தார். பீங்கான் தூசி என்றார்.

“தபால்ல அனுப்பட்டுமா?” என்று கேட்டேன்.

“வேண்டாம். நானே போறேன். இனிமே என் கண்ணை நானே நம்ப மாட்டேன், பக்கத்துல நின்னு பாக்கணும்.”

“நானும் வரேன். உங்க கண்ணை நான் எப்பவுமே நம்பினதில்ல.”

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பினோம். பல்லை ஒரு சின்ன டப்பாவில் பஞ்சு வைத்து, ஆறு மணி நேரமும் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கைக்காரர் என்னங்க மோதிரமா என்று கேட்டார். பல் என்றதும் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

கதவைத் திறந்த அண்ணி, எங்களைப் பார்த்ததும் கையால் வாயை மூடிக்கொண்டார். இவர் பார்வை அவர் தலையிலேயே நின்றுவிட்டது. படத்தில் பார்த்துத் தயாராகித்தான் வந்திருந்தோம். என்றாலும் வாசல் வெளிச்சத்தில் அந்த நரைத்த தலை இன்னும் வெள்ளையாக இருந்தது.

“என்னடா அப்படிப் பாக்குற?” என்றார் அண்ணி, கைக்குள்ளிருந்து.

“ஒண்ணுமில்லக்கா. கண்ணு மங்கிப்போச்சு.”

“அதான் தெரியுதே, நீ செஞ்ச பல்லைப் பாத்தா. உள்ள வா.”

சாயங்காலம் மூன்று பேரும் மருத்துவரிடம் போனோம். சின்ன வயசுக்காரர். இவர் ஜன்னல் பக்கமாக அக்காவை உட்கார வைத்து, பட்டியைப் பல்லோரம் பிடித்தார். ஒரு மாதிரி, இன்னொரு மாதிரி. கடைசியில் ஏ-நாலில் வந்து நின்றது.

“நான் சீட்டுல எழுதியிருந்தேனே சார்” என்றார் மருத்துவர், பணிவாக.

“எழுதியிருந்தீங்க, டாக்டர்” என்றார் இவர், அதைவிடப் பணிவாக.

பல் பொருந்தியது. மருத்துவர் கண்ணாடியைக் கொடுத்தார். அண்ணி அதில் ரொம்ப நேரம் பார்த்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். நன்றாக இருக்கிறது என்று ஒரு சொல் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்து, அந்த எட்டு வரித் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, பழைய இரண்டு பக்கத்தையும் திரும்ப எழுத உட்கார்ந்தார். அதுதான் அவருடைய பாராட்டு என்று இவர் எனக்கு விளக்கினார். எனக்குத் தெரியாதா என்ன, இந்தக் குடும்பத்தில் யாரும் வாயைத் திறந்து பாராட்ட மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூட மைதானத்தில் அறுநூறு பிள்ளைகள். நாங்கள் கடைசி வரிசை நாற்காலியில். அண்ணி மேடைக்கு வந்ததும் ஊசி விழுந்தால் கேட்கும். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், இருபத்தாறு வருஷத்தில் பொது இடத்தில் முதல் தடவை. பிடி வலித்தது, நான் விலக்கிக்கொள்ளவில்லை.

“என் மாணவச் செல்வங்களே” என்று ஆரம்பித்தார் அண்ணி. விசில் இல்லை. சுத்தம், சொல், செயல், சிந்தனை என்று ‘ச’வாகத் தேடித் தேடிப் போட்டிருந்தார் போல, வரிக்கு நான்கு வந்தது. ஒன்றிலும் காற்று ஓடவில்லை. முதல் வரிசையில் ஒருவன்கூட உதட்டைக் கடிக்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் பேச்சை நிறுத்தினார், தொண்டையைச் செருமினார். அந்த இடத்தில் முதல் வரிசையில் ஒரு பெண் குழந்தை விசும்பியது, அப்புறம் வரிசை வரிசையாக. சிரிப்பை அடக்கத் தெரிந்த அறுநூறு பேருக்கும் இதை அடக்கத் தெரியவில்லை.

முடிந்ததும் குழுப்படம். போட்டோக்காரர் எல்லாரையும் நிற்க வைத்துவிட்டு, “டீச்சர், கொஞ்சம் சிரிங்க” என்றார், பயந்துகொண்டே. அண்ணி சிரித்தார். வாயை முழுக்கத் திறந்து, கண் சுருங்கி, கன்னம் மடிந்து, எல்லாப் பல்லும் வெயிலில் தெரியச் சிரித்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் அதற்கு முன் அதைப் பார்த்ததில்லை என்று பக்கத்தில் நின்ற விளையாட்டு வாத்தியார் சொன்னார்.

இவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றார். நானும் பின்னாலேயே போனேன். தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இதுல எதுங்க உங்க பல்லு?” என்று கேட்டேன்.

“தெரியலம்மா” என்றார். “எல்லாமே அக்கா பல்லுதான்.”